சாயங்கால சீரியலும் சட்டமும்: பள்ளத்தூர் ஆச்சிக்கு ஒரு நீண்ட பதில்

பள்ளத்தூரிலிருந்து ஒரு ஆச்சி கேட்டிருக்கிறார். மகளுக்கு ஏழு வயது. சாயங்காலம் ஆறரைக்கு அப்பத்தாவோடு டிவி முன்னால் உட்கார்ந்தால் ஒன்பது மணிக்குத்தான் எழுந்திருக்கிறாள். ஒரு சீரியலில் பாலில் விஷம் கலக்கும் காட்சியைப் பார்த்ததிலிருந்து, பால் டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறாளாம். உள்ளூர் கேபிள் சேனலிலோ திருவிழாவில் நடந்த ஆடல் பாடலை லீவு நாள் பகல் பதினொரு மணிக்குத் திரும்பப் போடுகிறார்கள். யாரிடம் சொன்னாலும் "பிடிக்கலைன்னா நிறுத்த வேண்டியதுதானே" என்கிறார்கள். இதற்குச் சட்டமே கிடையாதா, இருந்தால் எங்கே போய்ச் சொல்வது என்று கேட்கிறார்.

சட்டம் இருக்கிறது ஆச்சி. காரைக்குடி, தேவகோட்டை கோர்ட்டுகளுக்குப் போய்வரும் வக்கீலாகச் சொல்கிறேன், வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறது. ஆனால் அதில் ஒரு ஓரவஞ்சனை உண்டு. திரைக்குள்ளே தெரியும் குழந்தைக்கான சட்டம் கடுமையானது, ஜெயில் வரைக்கும் போகும். திரைக்கு முன்னால் உட்கார்ந்து பார்க்கும் உங்கள் மகளுக்கான சட்டம் கண்டிப்பதோடும் எச்சரிப்பதோடும் பெரும்பாலும் நின்றுவிடும். இது தெரியாமல் சீரியலுக்காகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் அலைகிறவர்களும் இருக்கிறார்கள், போலீஸுக்குப் போக வேண்டிய விஷயத்துக்குச் சேனலுக்கு மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

முதலில் சீரியல். இதற்கான அடிப்படைச் சட்டம் 1995-ஆம் வருடத்துக் கேபிள் டெலிவிஷன் நெட்வொர்க்குகள் (ஒழுங்குமுறை) சட்டம். அதன் விதிகள் 1994-ஐச் சேர்ந்தவை. சட்டத்துக்கு முன்னாலேயே விதி எப்படி வந்தது என்று கேட்பீர்கள். 94-ல் அவசரச் சட்டமாகத்தான் முதலில் கொண்டுவந்தார்கள், விதிகளை அப்போதே எழுதிவிட்டார்கள். அந்த விதிகளில் 6-வது, நிகழ்ச்சிகளுக்கான நெறிமுறை. நல்ல ரசனைக்கும் கண்ணியத்துக்கும் புறம்பானது கூடாது, மூடநம்பிக்கையை வளர்க்கக் கூடாது, குழந்தைகளை இழிவுபடுத்தக் கூடாது, குழந்தைகளுக்கென்றே எடுக்கும் நிகழ்ச்சியில் கெட்ட வார்த்தையும் வெளிப்படையான வன்முறையும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வரிசையாகப் போகிறது. உங்களுக்கு வேண்டியது அதன் 5-வது உட்பிரிவு. குழந்தைகள் அதிக எண்ணிக்கையில் டிவி பார்க்கும் நேரத்தில், குழந்தைகளுக்கு ஏற்காத நிகழ்ச்சியைப் போடக் கூடாது என்கிறது அது.

படித்தால் நமக்காகவே எழுதிய மாதிரி இருக்கிறதா? சிக்கலே அங்கேதான். அது எந்த நேரம் என்று விதியில் எழுதவில்லை. இங்கிலாந்தில் ராத்திரி 9 மணிக்கு முன்னால் குழந்தைகளுக்கு ஆகாததைப் போடக் கூடாது என்று நேரக்கோடு உண்டு. அமெரிக்காவில் சாதாரண ஒளிபரப்பு டிவியிலும் ரேடியோவிலும் ஆபாசமான விஷயங்களை ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணிவரைதான் அனுமதிக்கிறார்கள். நம் நாட்டில் சட்டம் இந்த இடத்தை வெற்றாக விட்டுவிட்டது. சேனல்கள் தாங்களாகவே சேர்ந்து வைத்துக்கொண்ட சுயக்கட்டுப்பாட்டு முறையில், பெரியவர்களுக்கான நிகழ்ச்சி ராத்திரி 11 மணிமுதல் காலை 5 மணிவரை என்று இருக்கிறது. ஆனால் நம் சீரியல்காரர் எவரும் தன் சீரியலைப் "பெரியவர்களுக்கானது" என்று வகைப்படுத்திக்கொள்ள மாட்டார். குடும்பத்தோடு பார்க்கும் கதை என்பார். விஷம் கலக்குவது, கர்ப்பிணியை மாடிப்படியிலிருந்து தள்ளிவிடுவது, செய்வினை வைப்பது எல்லாமே குடும்பக் கதைதான்!

அதற்காக அந்த உட்பிரிவு வீண் என்று நினைத்துவிடாதீர்கள். சாயங்காலம் ஆறரைமுதல் ஒன்பதரைவரை குழந்தைகள் வீட்டில் விழித்திருக்கும் நேரம் என்பதை எந்த அமைப்பும் மறுக்க முடியாது. அந்த நேரத்தில் வந்த குறிப்பிட்ட காட்சியை, தேதியும் மணியும் போட்டு, 6(5) என்று எண்ணையும் எழுதி அனுப்பினால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

யாருக்கு அனுப்புவது? 2021 ஜூனில் இந்த விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி புகாருக்கு மூன்று படிகள். முதல் படி சேனலேதான். ஒவ்வொரு சேனலும் குறைதீர்க்கும் அதிகாரி ஒருவரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தன் இணையதளத்தில் போட வேண்டும். புகார் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், 15 நாளுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் அந்தச் சேனல் உறுப்பினராக இருக்கும் சுயக்கட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு. அவர்களுக்கு 60 நாள். பொழுதுபோக்குச் சேனல்களுக்கு 2011-லிருந்து இயங்கும் பிசிசிசி (BCCC) என்ற புகார் கவுன்சில் இருக்கிறது, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர்தான் தலைவராக இருப்பார். செய்திச் சேனல்களுக்கு என்பிடிஎஸ்ஏ (NBDSA) என்று வேறொன்று. அங்கேயும் சரியாகவில்லை என்றால் மூன்றாவது படி டெல்லியில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். தபால் செலவுகூடக் கிடையாது, எல்லாமே ஆன்லைனில்.

என்ன கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஏமாந்ததாக நினைக்கக் கூடாது. கண்டிப்பார்கள், எச்சரிப்பார்கள், மன்னிப்பை ஒளிபரப்பச் சொல்வார்கள், காட்சிக்கு முன்னால் எச்சரிக்கை வாசகம் போடச் சொல்வார்கள். முன்பு கேபிள் சட்டத்தை மீறினால் ஜெயில் தண்டனையும் இருந்தது, முதல் தடவைக்கு இரண்டு வருடம்வரை. சின்ன மீறல்களுக்கான ஜெயில் தண்டனைகளை நீக்கிய ஜன் விஸ்வாஸ் சட்டம் வந்து, 2023 அக்டோபரிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள், இப்போது எச்சரிக்கையும் அபராதமும்தான். ஒரு காட்சிக்காக யாரையாவது உள்ளே தள்ளுவது சரியில்லை என்பதால் எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. அபராதம் சேனலுக்கு உறைக்கிற அளவில் இல்லையே என்பதில்தான் வருத்தம். பெற்றோர் புகாரால் எதுவும் நடக்காது என்று மட்டும் சொல்லாதீர்கள். பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த ஷின்-சான் கார்ட்டூனை 2008-ல் புகார்களுக்குப் பிறகு இங்கே தடை செய்தார்கள், வெட்டித் திருத்திய பிறகுதான் திரும்ப வந்தது.

சினிமாவுக்கு வேறு சட்டம், இது சுருக்கமாக முடியும். 'ஏ' சான்றிதழ் வாங்கிய படத்தை டிவியில் அப்படியே போட முடியாது. மும்பை உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு பொதுநல வழக்கில்தான் இது முதலில் கறாரானது, 2023-ல் சினிமாட்டோகிராஃப் சட்டத் திருத்தத்தில் சட்டமாகவே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெட்டுக்குத்துப் படம் வருகிறதே என்றால், காட்சிகளை வெட்டி மறுபடி தணிக்கைக்குப் போய் 'யுஏ' வாங்கியிருப்பார்கள். அதே திருத்தத்தில் 'யுஏ'-வை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். திரையின் ஓரத்தில் அந்த எண் வந்தால் அப்பத்தாவுக்கும் காட்டிக்கொடுங்கள்.

இப்போது உள்ளூர் சேனல். இதில்தான் உங்களால் சீக்கிரம் ஏதாவது செய்ய முடியும், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். நம் பக்கத்தில் கேபிள்காரர் நடத்தும் சேனலில் கொப்புடையம்மன் செவ்வாய், மாசி பங்குனிப் பால்குடம், குன்றக்குடி பங்குனி உத்திரம், சிராவயல் மஞ்சுவிரட்டு எல்லாம் நேரலையில் வரும். கோவிலுக்குப் போக முடியாத பெரியவர்களுக்கு அதுதான் தரிசனம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் மேடையில் நடந்த ஆடல் பாடலை முழுசாகப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, ஆள் இல்லாத நேரத்தை நிரப்ப ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு நடுவே திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள் பாருங்கள், அங்கே அதே 6-வது விதி அவர்களுக்கும் பொருந்தும். நாங்கள் சின்ன ஆபரேட்டர், எங்களுக்கு இதெல்லாம் கிடையாது என்று சொல்ல முடியாது. சட்டத்தின் பெயரே கேபிள் சட்டம், அது முதலில் பிடிப்பது கேபிள்காரரைத்தான்.

இங்கே சட்டம் அதிகாரம் கொடுத்திருப்பது டெல்லிக்கு மட்டும் அல்ல. மாவட்ட ஆட்சியர், கூடுதல் ஆட்சியர், கோட்ட அளவில் இருக்கும் வருவாய் அதிகாரி, போலீஸ் கமிஷனர் இருக்கும் ஊர்களில் கமிஷனர், இவர்கள்தான் அதிகாரம் பெற்ற அலுவலர்கள். நெறிமுறைக்கு ஒவ்வாத நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லி 19-வது பிரிவின் கீழ் உத்தரவு போடலாம். மீறினால் 11-வது பிரிவில் கருவிகளைப் பறிமுதல் செய்யவும் வழி உண்டு. பள்ளத்தூர், காரைக்குடி எல்லாம் தேவகோட்டை வருவாய்க் கோட்டம்தான், அதனால் முதல் மனு அங்கே. நகலைத் திங்கட்கிழமை சிவகங்கை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். இதைத் தவிர, ஒவ்வொரு மாவட்டத்திலும் கேபிள் டிவி கண்காணிப்புக் குழு ஒன்று இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதலே இருக்கிறது. ஆட்சியர் தலைமை, எஸ்பி, மக்கள் தொடர்பு அலுவலர், ஒரு மகளிர் கல்லூரி முதல்வர், குழந்தைகள் நலனுக்கான தொண்டு நிறுவனப் பிரதிநிதி என்று ஆட்கள் வகையும் அதில் சொல்லியிருக்கிறார்கள். காகிதத்தில் மட்டும் இருக்கும் குழுக்களில் இதுவும் ஒன்றாக இருக்கக்கூடும். அதனாலேயே மனுவில் "கண்காணிப்புக் குழுவின் பார்வைக்கு வைக்கவும்" என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரி கோப்பில் ஏறினால் யாராவது ஒருவர் குழு எங்கே என்று தேடித்தான் ஆக வேண்டும்.

விளம்பரத்துக்கு 7-வது விதி. குழந்தைகளின் பாதுகாப்புக்கு ஆபத்தானது, கெட்ட பழக்கத்தில் ஆசை உண்டாக்குவது, பிச்சை எடுப்பதாகவோ கண்ணியக் குறைவாகவோ குழந்தைகளைக் காட்டுவது எல்லாம் கூடாது. ஒரு மணி நேரத்தில் 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்றும் இருக்கிறது. சீரியல் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் இதைவிட வலுவான ஆயுதம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வந்திருக்கிறது, பலருக்குத் தெரியவே தெரியாது. 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்படி, சிப்ஸ், சோடா பானம் போன்ற நொறுக்குத்தீனி விளம்பரங்களைக் குழந்தைகளுக்கான நிகழ்ச்சியிலோ குழந்தைகளுக்கென்றே இருக்கும் சேனலிலோ போடவே கூடாது. இதைக் குடித்தால் உயரமாவாய், அதைத் தின்றால் மூளை வளரும் என்கிற விளம்பரத்துக்கு அறிவியல் ஆதாரம் காட்டியாக வேண்டும். தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம்வரை அபராதம் போடலாம், திரும்பச் செய்தால் 50 லட்சம்வரை. கம்பெனிகளுக்கு உறைக்கிற தொகை இதுதான். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்தாலே புகாரைப் பதிந்துகொள்வார்கள். கார்ட்டூன் சேனலை அரை மணி நேரம் பார்த்துவிட்டு இந்த வழிகாட்டுதலைப் படித்தால் உங்களுக்கே கை துறுதுறுக்கும்.

செய்தியில் வரும் ரத்தக் காட்சி பற்றி: 2023 ஜனவரியில் அமைச்சகம் எல்லாச் சேனல்களுக்கும் ஒரு அறிவுரை அனுப்பியது. பிணங்கள், ரத்தம், குழந்தையை ஆசிரியர் அடிப்பது போன்ற காட்சிகளை மங்கலாக்காமல் அப்படியே காட்டுவது நெறிமுறைக்கு விரோதம், வீட்டில் பெரியவர்களும் பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்று சொன்னது. மஞ்சுவிரட்டில் ஒருவரை மாடு குத்தித் தூக்குவதை வட்டம் போட்டு, ஸ்லோமோஷனில் பத்துத் தடவை காட்டுகிறார்களே, அதற்கு எதிராக எடுத்துக்காட்ட வேண்டியது இதைத்தான். அறிவுரை என்பதால் அதற்காகவே தண்டிக்க முடியாது, ஆனால் புகாரில் சேர்த்தால் கனம் கூடும்.

இனி அந்தக் கடுமையான பக்கம். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி எதையும் எந்த ஊடகமும் வெளியிடக் கூடாது. போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு இது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஒரு வருடம்வரை சிறை அல்லது அபராதம், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். நிருபர் செய்ததற்கு முதலாளியும் பொறுப்பு. பாலியல் குற்றம் இல்லாத வழக்குகளிலும், குழந்தை குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டாலும் சரி, சாட்சியாக இருந்தாலும் சரி, இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு அடையாளத்தைக் காட்டத் தடை போடுகிறது, ஆறு மாதச் சிறை அல்லது 2 லட்சம்வரை அபராதம். 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதை இன்னும் இறுக்கியது. பெயர் சொல்லாவிட்டாலும் அடையாளம் தெரிகிற மாதிரி எந்த விவரமும் கூடாது என்றது.

நம் ஊர்ப் பக்கத்தில் இது எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். முகத்தை மங்கலாக்கிவிட்டோம் என்று சேனல்காரர் சொல்வார். வீட்டு முகப்பையும் தெருமுனைப் பிள்ளையார் கோவிலையும் காட்டிவிட்டு, "கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவரின் மகள்" என்பார். இன்ன கோவில், இன்ன விலாசம் (குடும்பத்தைச் சொல்லும் முன்னெழுத்து) என்று இரண்டு எழுத்து காதில் விழுந்தாலே, நகரத்தாரின் ஒன்பது கோவில் பிரிவுக்காரர்களுக்கும் யார் வீடு என்று தெரிந்துவிடும். அப்புறம் முகத்தை மறைத்து என்ன பயன்? இப்படி ஒன்றைப் பார்த்தால் சேனலுக்கு மெயில் அனுப்பிக் காத்திருக்க வேண்டாம், நேரே போலீஸ், கூடவே குழந்தைகள் உதவி எண் 1098.

நிகழ்ச்சியில் நடிக்கும், ஆடும் குழந்தைகளுக்கும் விதி உண்டு. குழந்தைத் தொழிலாளர் விதிகளில் 2017-ல் சேர்த்தது. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது, மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும், வருமானத்தில் 20 சதவீதத்தைக் குழந்தை பேரில் வங்கியில் டெபாசிட் செய்ய வேண்டும். 2019 ஜூனில், நடன நிகழ்ச்சிகளில் சின்னப் பிள்ளைகளைப் பெரியவர்களின் சினிமா அசைவுகளை ஆடவைக்க வேண்டாம் என்று அமைச்சகம் அறிவுரையும் அனுப்பியது. அக்கம்பக்கத்தில் யாராவது பிள்ளையை ஆடிஷனுக்குக் கூட்டிப்போனால், அந்த 20 சதவீதத்தைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

"பேசாமல் எல்லாவற்றையும் தடை செய்யச் சொல்லி ஹைகோர்ட்டில் ரிட் மனு போடலாமா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பத்திரிகைகளில் வரும் படங்கள் பிள்ளைகளுக்கு ஆகாது என்று போடப்பட்ட ஒரு பொதுநல வழக்கில், 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒட்டுமொத்தத் தடைக்கு மறுத்துவிட்டது. குழந்தைகளுக்கு ஏற்றதை மட்டுமே பெரியவர்களும் பார்க்க வேண்டும் என்ற நிலைக்குப் போக முடியாது என்பதுதான் அதன் சாரம், எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. அப்பத்தா சீரியல் பார்க்கட்டும், பாவம், வேறு என்ன பொழுதுபோக்கு. செட்டாப் பாக்ஸில் பின் நம்பர் போட்டுச் சேனலைப் பூட்டும் வசதி இருக்கிறது, ஆனால் மாமியார் பார்க்கும் சேனலுக்குப் பூட்டுப் போடச் சொல்லி உங்களுக்கு ஆலோசனை தரும் தைரியம் எனக்கில்லை. போனில் ஓடிடி பார்ப்பதற்கு 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் தனி. அதில் 13 வயதுக்கு மேல் என்று போட்ட எதற்கும் பெற்றோர் பூட்டு வசதி கொடுத்தே ஆக வேண்டும்.

கடைசியாக, புகார் எழுதும் முறை. "கலாச்சாரம் சீரழிகிறது" என்று மூன்று பக்கம் எழுதிய மனுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதில் நடவடிக்கை எடுக்க எந்த அதிகாரிக்கும் பிடி கிடைக்காது. சேனல்கள் ஒளிபரப்பின் பதிவை 90 நாள் வைத்திருக்க வேண்டும், அதனால் தள்ளிப்போடாமல் அந்த வாரமே அனுப்புங்கள். டிவி திரையைப் போனில் ஒரு படம் எடுத்து, மணி தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டால் போதும். வாசகம் இப்படி இருக்கட்டும்:

"உங்கள் சேனலில் இன்ன தேதி, இரவு இத்தனை மணிக்கு ஒளிபரப்பான இன்ன தொடரில், பாலில் விஷம் கலந்து கொடுக்கும் காட்சி சுமார் இத்தனை நிமிடம், கலக்கும் முறை தெளிவாகத் தெரியும்படி காட்டப்பட்டது. குழந்தைகள் பெருமளவில் பார்க்கும் நேரத்தில் இது ஒளிபரப்பானதால் கேபிள் டெலிவிஷன் நெட்வொர்க்குகள் விதிகள் 1994, விதி 6(5)-க்கு முரணானது. என் ஏழு வயது மகள் இதைப் பார்த்துப் பயந்திருக்கிறாள். காட்சியை மறுஒளிபரப்பிலும் இணையத்திலும் நீக்கவும், இனி இத்தகைய காட்சிகளை இந்த நேரத்தில் தவிர்க்கவும் கோருகிறேன். 15 நாட்களுக்குள் பதில் தரவும்."

மகளின் பெயரையும் பள்ளியையும் அதில் எழுதாதீர்கள், தேவையில்லை. பதினாறாம் நாள் பதில் வராவிட்டால் இதே தாளை அப்படியே மேல்முறையீட்டுக்கு அனுப்பிவிட்டு, எனக்கும் ஒரு நகல் போடுங்கள் ஆச்சி.